ஒன்பதாவது கவர்

தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி, சும்மா தெரிஞ்சுக்கிடக் கேக்கேன். இப்ப வாங்குனியள்லா தண்ணி பாட்டில், இருவது ரூவா, அதை வீட்டுல எந்தக் கணக்குல எழுதுவிய?

எழுத மாட்டியளா? அப்ப அந்த இருவது ரூவா எங்கன போச்சுன்னு மாசக் கடைசியில ஆரு சொல்லுவா?

சிரிங்க, சிரிங்க. எல்லாரும் மொதல்ல சிரிக்கத்தான் செய்வாவ. பஸ் இப்பத்தான் வாகைக்குளம் தாண்டுது. பாளையங்கோட்டை போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு. சொல்லுதேன், கேளுங்க. பிடிச்சா உங்க வீட்டுலயும் செஞ்சு பாருங்க. காசா பணமா.

என் பேரு தவசிமுத்து. தூத்துக்குடியில பைபாஸ் பக்கம் ஒரு எடைமேடையில வேலை. லாரி ஏறி நிக்கும். காலி வண்டி எடை, லோடு எடை, ரெண்டையும் கழிச்சுச் சீட்டுப் போட்டுக் குடுக்கணும். அம்புட்டுதான். பதினாலு வருசமாச்சு. சம்பளம் பத்தொம்பதாயிரம். பெரிய சம்பளம்னு சொல்ல முடியாது, ஆனா ஒண்ணாந்தேதி சாயந்தரம் டாண்ணு கைக்கு வந்துரும். வீட்டுல நான், என் வீட்டுக்காரி ஜெயக்கொடி, மக சுடர்மதி, பன்னெண்டாவது படிக்கா. மூணு பேருதான்.

போன வருசம் வைகாசியில ஒரு நாள் உக்காந்து யோசிச்சேன். சம்பளம் வருது, போவுது, கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்கு. கடையில ஒம்போது காக்கிக் கவர் வாங்கிட்டு வந்தேன். ஒவ்வொரு கவர்லயும் ஒரு பேரு எழுதுனேன். வாடகை அஞ்சாயிரம், மளிகை நாலாயிரம், பால் ஆயிரத்தைந்நூறு, இப்படி. கல்யாணம், சடங்கு, எழவுக்குன்னு 'நல்லது கெட்டது'ன்னு ஒரு கவர், அதுல ஐந்நூறு. ஒம்பதாவது கவர்லதான் விசயமே இருக்கு. 'எதிர்பாராத செலவு.' அதுல ஆயிரத்தைந்நூறு. எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க, பத்தொம்பதாயிரம் வரும். ஒத்த ரூவா கூடாது, குறையாது.

சட்டம் ரெண்டுதான். ஒரு கவர் காசு இன்னொரு கவருக்குப் போவக்கூடாது. ஒம்பதாவது கவர்ல மாசக் கடைசியில மிஞ்சுறதைப் போஸ்ட் ஆபீஸ்ல போட்ரணும், போட்டதை எடுக்கக்கூடாது. ஒரு நோட்டும் போட்டாச்சு.

ஜெயக்கொடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "எதிர்பாராத செலவு ஆயிரத்தைந்நூறுக்குள்ளதான் வரும்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"வரணும். வராட்டா அடுத்த மாசம் வரட்டும்"னேன்.

அவ ஒத்துக்கிட்டா.

நீங்க என்னைக் கருமின்னு நெனைப்பிய. அது இல்ல அண்ணாச்சி. எங்கப்பாவுக்கு எதுக்கெடுத்தாலும் கடன்தான். ஆட்டுக்குட்டி செத்தாக் கடன், கூரை ஒழுவுனாக் கடன். என் கல்யாணத்தன்னைக்கு, மொய் எழுதுன தட்டோட வட்டிக்காரன் வாசல்லயே நின்னு வாங்கிட்டுப் போனான். ஜெயக்கொடி மாலையோட நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. அப்பா போய்ச் சேந்த பெறகு பதினோரு வருசம் நான் அடைச்சேன். அடைச்சு முடிச்ச அன்னைக்கு முடிவு பண்ணேன், இனி எவன்கிட்டயும் கை நீட்டுறதில்லன்னு. இது தப்பா? சொல்லுங்க.

ஆனி மாசம் மிக்சி பொகைஞ்சு போச்சு. காயில் கட்ட தொள்ளாயிரம் கேட்டான். ஒம்பதாவது கவரைத் தொறந்தேன், எடுத்துக் குடுத்தேன், மிச்சம் அறுநூறைப் போஸ்ட் ஆபீஸ்ல போட்டேன். அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசம் இருக்கே! "பாத்தியா ஏட்டி"ன்னு சொன்னேன். அவளும் பாத்தா.

அதுக்குப் பெறகு ஒரு அதிசயம் நடந்துச்சு அண்ணாச்சி. நம்பினா நம்புங்க. நான் கட்டுப்பாடா இருக்கேன்னு தெரிஞ்சதும் செலவு தானா அடங்க ஆரம்பிச்சுட்டு.

ஆவணியில ஜெயக்கொடியோட அண்ணன் மகளுக்குச் சடங்கு வச்சாவ. அண்ணன் பேரு சுயம்பு, பாளையங்கோட்டையில பலகாரக் கடை வச்சிருக்காரு. முறுக்கு, சீவல், அதிரசம் எல்லாம் வீட்டுலயே போடுவாவ. அத்தைக்காரி சும்மா போவ முடியுமா, பட்டுப்பாவாடையும் கால்பவுன் மோதிரமும் வச்சாத்தான் மரியாதைன்னா இவ.

"நல்லது கெட்டது கவர்ல ஐந்நூறு இருக்கு"ன்னேன்.

"ஐந்நூறா? எங்க அண்ணன் மகளுக்கா?"

"எதிர்பாராத செலவுல எடுக்கலாமான்னு கேப்ப. எடுக்கக்கூடாது. பொம்பளப் புள்ள பொறந்தா ஒரு நாள் சடங்கு வரும்னு தெரியுமா தெரியாதா? தெரிஞ்சது எப்படி எதிர்பாராதது ஆவும்?"

நியாயம்தானே.

சடங்குக்குப் போனா, இவ தட்டுல பட்டுப்பாவாடையும் இருக்கு, மோதிரமும் இருக்கு! ஓரமாக் கூப்பிட்டு, "எப்படி?"ன்னேன். "எங்க அண்ணனே வாங்கி, நீ குடுத்த மாதிரி வைன்னு எங்கிட்ட குடுத்தாவ"ன்னா. பாத்தியளா மனுசனை! தங்கமான மச்சான். நான் நோட்டுல ஐந்நூறுன்னு எழுதிட்டேன். அன்னைக்கு ஜெயக்கொடி காதுல சின்னதா ஒரு கவரிங் தோடு. கேட்டேன், பழைய கம்மல் கனமா இருந்து காது அறுக்குன்னா. நல்லாத்தான் இருந்துச்சு, சின்ன முகத்துக்குச் சின்னத் தோடு.

புரட்டாசியில சுடருக்குக் கண்ணாடி உடைஞ்சு போச்சு. சைக்கிள்லருந்து விழுந்துட்டா. அடி ஒண்ணும் இல்ல, கண்ணாடி மட்டும். கடையில ரெண்டாயிரத்து முன்னூறுன்னான். கவர்ல ஆயிரத்தைந்நூறு. எண்ணூறு இடிக்கு. தேதி பதிமூணு.

"ஒண்ணாந்தேதி வரட்டும்"னேன்.

"புள்ளைக்குப் போர்டு தெரியலங்க."

"முன் பெஞ்சுல உக்காரச் சொல்லு."

"முன் பெஞ்சுலதான் உக்காந்திருக்கா."

சுடர் உடைஞ்ச கண்ணாடியை நூலைச் சுத்திக் கட்டிக்கிட்டு இருந்தா. ஒத்தக் கண்ணுக்குத்தான் கண்ணாடிச் சில்லு இருந்துச்சு. எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி, நான் என்ன கல்லா? போஸ்ட் ஆபீஸ்ல காசு கெடக்குத்தான். ஆனா இன்னைக்குக் கண்ணாடிக்கு எடுத்தா நாளைக்கு வேற எதுக்காவது எடுக்கச் சொல்லும். எங்கப்பா அப்படித்தான் ஆரம்பிச்சாரு.

சரியா ஆறாவது நாள், வேலை முடிஞ்சு வாரேன், புள்ள மூக்குல புதுக் கண்ணாடி! இலவசக் கண் சிகிச்சை முகாம் நடந்துச்சாம், கண்ணாடியும் சும்மாவே குடுத்தாவளாம். அதுவும் அவ கேட்டுக்கிட்டே இருந்த காப்பிக் கலர் பிரேம். இந்தக் காலத்துல முகாம்ல எல்லாம் இம்புட்டு நல்ல பிரேம் குடுக்காவ பாருங்க. "நாமளும் பொறுமையா இருந்தோம், கெடைச்சுது"ன்னேன். சுடர் அவ அம்மாவைப் பாத்தா. ஜெயக்கொடி அடுப்பைப் பாத்துத் திரும்பிக்கிட்டா.

அந்த வாரம் பூரா வீட்டுல ஒரே பசை வாசனை. என்னன்னு கேட்டேன். ஸ்கூல் புராஜெக்ட்டுன்னாவ. கட்டிலுக்கு அடியில அட்டைப்பெட்டியா அடுக்கி வச்சிருந்துச்சு, மக்ரூன் கடைப் பெட்டி மாதிரி, நூறு எரநூறு இருக்கும். இப்பல்லாம் புள்ளைகளுக்கு எம்புட்டுப் பெரிய புராஜெக்ட் குடுக்காவ! நம்ம காலத்துல ஏது?

அப்ப நான் எடைமேடையில வார டிரைவர்மாருகிட்ட எல்லாம் இதைச் சொல்ல ஆரம்பிச்சுட்டேன். சீட்டு அடிக்கிற நேரத்துல சொல்லுவேன். செலவு வந்ததும் ஓடாத, நில்லு, நின்னு பாரு, பாதிச் செலவு தானா சரியாயிரும்னு. சில பேரு கேட்டாவ, சில பேரு வண்டியைக் கிளப்பிக்கிட்டுப் போயிட்டாவ. எப்படியோ விசயம் பரவி, எங்க தெரு மகளிர் குழுத் தலைவி எப்சிபா இருக்கா, அவ வந்து கேட்டா. "அண்ணே, குழு ஆண்டு விழாவுக்குச் சிக்கனத்தைப் பத்திப் பத்து நிமிசம் பேசணும்."

பேசுனேன் அண்ணாச்சி. சமுதாயக் கூடத்துல அறுவது எழுவது பொம்பளைய. நோட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு மாசம் மாசமாச் சொன்னேன். மிக்சி தொள்ளாயிரம். சடங்கு ஐந்நூறு. கண்ணாடி பூச்சியம். பூச்சியம்னதும் ஒரு சிரிப்பு கெளம்புச்சு பாருங்க, கூடமே அதிர்ந்துச்சு. எனக்கு மேடைப் பேச்சு இம்புட்டு வரும்னு எனக்கே தெரியாது. முன் வரிசையில ஒரு பொம்பளை எந்திரிச்சு, "அண்ணாச்சி, உங்க வீட்டு முகாம் எங்க நடக்குன்னு சொன்னா நாங்களும் வருவோம்"னா. மறுபடியும் சிரிப்பு. எல்லாரும் திரும்பி ஜெயக்கொடியைப் பாத்தாவ. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு முந்தானையைத் திருவிக்கிட்டு இருந்தா. கூச்ச சுபாவம். புருசனுக்குக் கைதட்டுனா எந்தப் பொம்பளைக்கும் அப்படித்தான் இருக்கும். எனக்குச் சால்வை போட்டாவ.

வீட்டுக்கு வார வழியில, "நல்லாப் பேசுனேனா?"ன்னு கேட்டேன்.

"நல்லாப் பேசுனிய"ன்னா. "இனிமே பேசாதிய."

கண்ணு பட்டுரும்னு பயம்.

தீவாளி முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். வேலையில இருக்கேன், வலது பக்கம் அடிவயிறு பிடிச்சு இழுக்கு. வாய்வுன்னு சோடா குடிச்சேன். அடுத்த நாள் நிமிர முடியல. சுருண்டு விழுந்துட்டேன். எடைமேடை மேலயே விழுந்தேன்னு பசங்க சொன்னானுவ, மிஷின்ல என் எடை ஓடிச்சாம்.

பக்கத்துல இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாவ. குடல்வாலு வீங்கியிருக்கு, இன்னைக்கே அறுக்கணும், நாப்பதுக்கு மேல ஆவும்னாவ அங்க இருந்த டாக்டரம்மா. ஆயிரத்துலதான். எனக்கு வலியில கண்ணு இருட்டிக்கிட்டு வருது. ஆனாலும் கணக்கு விடுமா? கவர்ல ஆயிரத்தைந்நூறு.

"ஒண்ணாந்தேதி வச்சுக்கிடலாமா டாக்டர்?"னு கேட்டேன்.

அவங்க ஜெயக்கொடியைப் பாத்து, "இவரு எப்பவுமே இப்படித்தானா?"ன்னு கேட்டாவ. எங்கிட்ட, "ஒண்ணாந்தேதி வரைக்கும் உங்க குடல்வாலு பொறுக்கணுமே, அதுகிட்டக் கேட்டுச் சொல்லுங்க"ன்னாவ.

ஜெயக்கொடி குனிஞ்சு என் காதுல சொன்னா. "கார்டு இருக்குங்க. காப்பீட்டு அட்டை. போன வருசமே எடுத்து வச்சிட்டேன். ஒத்த பைசா ஆவாது. நீங்க கண்ணை மூடுங்க."

கண்ணை மூடுனேன். அஞ்சு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தேன். நோட்டுல எழுதுனேன்: ஆபரேஷன், பூச்சியம்.

அந்த மாச ஆயிரத்தைந்நூறையும் சுடர் கையில குடுத்துப் போஸ்ட் ஆபீஸ்ல போடச் சொல்லிட்டேன். புள்ள வாங்கிக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னா. "என்ன?"ன்னேன். "ஒண்ணும் இல்லப்பா"ன்னுட்டுப் போயிட்டா.

இது வரைக்கும் எல்லாருகிட்டயும் சொல்லுவேன் அண்ணாச்சி. டிரைவர்மாரு, குழுப் பொம்பளைய, எல்லாரும் இது வரைக்கும் கேட்டிருக்காவ. இதுக்கு மேல ஆருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க யாரோ, நான் யாரோ. பாளையங்கோட்டையில நான் எறங்கிருவேன், நீங்க சங்ஷனுக்குப் போயிருவிய. அதனால சொல்லுதேன்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் இருக்கும். மாத்திரைச் சீட்டைக் காணும். ஆணியில ஜெயக்கொடியோட பை தொங்கிச்சு, அதுக்குள்ள கையை விட்டேன். ஒரு தாளு நாலா மடிச்சிருந்துச்சு. விரிச்சேன். ஆஸ்பத்திரி ரசீது. என் பேரு, ஆபரேஷன், நாப்பத்திரண்டாயிரம். அதுக்கு நேரா கேஷ்னு அடிச்சிருக்கு.

நான் நாளைக்கு எரநூறு சீட்டுப் பாக்குறவன். ஒரு சீட்டுல எங்கன எதை அடிச்சிருப்பான்னு எனக்கு இருட்டுல கூடத் தெரியும். அது கேஷ்தான்.

அடுக்களையிலருந்து அவ குரல் கேக்கு. "என்னங்க தேடுதிய?"

"மாத்திரைச் சீட்டு."

"அந்தப் பையில இல்ல. டிவி பக்கத்துல கெடக்கு பாருங்க."

"சரி."

அம்புட்டுதான் பேசுனோம். நான் அந்தத் தாளை எப்படி மடிச்சிருந்துச்சோ அப்படியே மடிச்சு, எங்கன இருந்துச்சோ அங்கனயே வச்சுட்டேன். டிவி பக்கத்துல போய் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கிட்டேன்.

ஏன் கேக்கலன்னு பாக்கியளா? கேட்டா அவ சொல்லுவா. சொல்லிட்டா நான் எழுதணும். ஆபரேஷன் நாப்பத்திரண்டாயிரம்னு எழுதுனா, அதுக்கு மேல இருக்கிற பூச்சியத்தை எல்லாம் ஒவ்வொண்ணாத் திருத்தணும். எனக்கு வயித்துல தையல் வேற. குனிஞ்சு எழுதக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாவ. அப்படிச் சொல்லல, ஆனா சொல்லியிருப்பாவ.

அந்த வாரமே ஜெயக்கொடி, "மதினிக்குக் கை சொகமில்ல, பொங்கல் வருது, கடைக்கு ஆள் வேணும், நான் ஒரு ஆறு வாரம் அண்ணன் வீட்டுல இருந்துட்டு வாரேன்"னா.

"சம்பளமா?"ன்னேன்.

"அண்ணன் வீட்டுல ஆராவது சம்பளம் வாங்குவாவளா?"ன்னா.

"போயிட்டு வா"ன்னுட்டேன். ஒரு ஆளு சாப்பாடு குறையும்லா, மளிகைக் கவர்ல மிஞ்சுமேன்னு கூட நெனைச்சேன் அண்ணாச்சி. பொய் சொல்லக்கூடாது, நெனைச்சேன்.

நானும் சுடரும் சமைச்சுச் சாப்பிட்டோம். அவ இல்லாம மளிகைச் செலவு கூடிப் போச்சு! எனக்கு ஒண்ணும் புரியல. நாலாயிரம் கவர் இருவதாந்தேதியே காலி. ரெண்டு பேருக்கே பத்தலன்னா அவ எப்படி மூணு பேருக்கு ஓட்டுனா? போன ஞாயித்துக்கெழமை நோட்டை வச்சுக்கிட்டுச் சுடர்கிட்ட கேட்டேன். "ஏ பிள்ள, எண்ணெய் இம்புட்டா ஊத்துவாவ? உங்க அம்மா இருந்தா இப்படி ஆவுமா?"

அவ தட்டைத் தள்ளி வச்சா.

"அப்பா, அம்மா ஒரு நாளைக்கு எத்தன கிலோ மாவு பிசையுதான்னு தெரியுமா?"

"எத்தன?"

"இருவத்தஞ்சு கிலோ. முறுக்கு மாவு. கையாலதான். நான் போன வாரம் போனப்ப பாத்தேன். கையை மடக்க முடியல அவளுக்கு."

இருவத்தஞ்சு கிலோ. இருவது டன்னு, முப்பது டன்னு நான் பாக்காத எடையா? ஆனா இருவத்தஞ்சு கிலோன்னா அரை மூட்டை. அதைக் கையால தெனம்னு சொன்னா... எனக்கு அந்த எடை மட்டும் சீட்டுல போட முடியாத எடை மாதிரி இருந்துச்சு.

"ஆஸ்பத்திரிக்கு மாமாதான் பணம் கட்டுனாவ. அவங்க திருப்பிக் கேக்கல. அம்மாதான் ஒருத்தருகிட்டயும் கடன் நிக்கக்கூடாது, அப்பாவுக்குப் பிடிக்காதுன்னு போயிருக்கா"ன்னா சுடர்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கேட்டாச் சொல்லலாம்னு இருந்தேன்"னா. "நீங்க கேக்கவே இல்லயேப்பா."

நான் எந்திரிச்சுப் போயி கையைக் கழுவுனேன். சாப்பிட்டு முடிக்கல, ஆனா கழுவிட்டேன்.

திங்கக்கெழமை முதலாளிகிட்டப் போயி நின்னேன். பதினாலு வருசத்துல அட்வான்சுன்னு அவரு முன்னாடி நின்னதில்ல. என்னைப் பாத்ததும், வேலையை விட்டு நிக்கப் போறேன்னு பயந்துட்டாரு மனுசன்.

"முதலாளி, ஒரு இருவத்தஞ்சாயிரம் வேணும். மாசம் ரெண்டாயிரமாப் பிடிச்சுக்கிடுங்க."

"ஏன்வே, நீருதான் ஊருக்கெல்லாம் வகுப்பு எடுக்கீரு. உமக்கு எதுக்குவே கடன்?"

"எதிர்பாராத செலவு முதலாளி."

அவரு சிரிச்ச சிரிப்புல வெளிய நின்ன லாரிக்காரன் எட்டிப் பாத்தான். ஆனா குடுத்துட்டாரு. நல்ல மனுசன். மாசம் ரெண்டாயிரம் பிடிக்கிறதுக்கு எந்தக் கவர்ல எடுக்கன்னு கேக்காதிய. ஒரு கவர்லயும் எடுக்கல. ஞாயித்துக்கெழமையும் டூட்டி பாக்கேன், அந்தக் கூலியில கழிச்சுக்கிடுங்கன்னு சொல்லியிருக்கேன். வீட்டுல கேட்டா, ஞாயித்துக்கெழமை லாரி ஜாஸ்தி, கட்டாயம் வரச் சொல்லுதாருன்னு சொல்லிக்கிடலாம். இதை நோட்டுல எழுதல. நோட்டு அப்படியேதான் இருக்கு. இன்னைக்கு வரைக்கும் ஒரு கவர் காசு இன்னொரு கவருக்குப் போனதில்ல, பாத்துக்கிடுங்க.

போஸ்ட் ஆபீஸ் பணமா? ஒம்பதாயிரத்து அறுநூறு இருக்கு. அதைத் தொடல. அதை எப்படித் தொட முடியும்? ஒரு அவசரம்னா வேணும்லா.

இப்ப அவளைக் கூப்பிடத்தான் போறேன். பொங்கலுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு, அது வரைக்கும் பிசைய விடக்கூடாது. பணம் பனியனுக்குள்ள இருக்கு. பாக்கி பதினேழாயிரத்துக்கு அவ கை இத்தன நாள் பட்ட பாடு கழிஞ்சிருக்கும், மச்சானும் நல்ல மனுசன்.

ஆனா ஒரு சங்கடம் இருக்கு அண்ணாச்சி. மச்சான்கிட்ட நேராக் குடுத்தேன்னு வைங்க, கார்டுன்னு அவ சொன்னது பொய்யின்னு ஆயிரும். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சு போவும். எத்தன நாளாத் தெரியும்னு கேப்பா. ரசீது பாத்த அன்னைக்கே ஏன் கேக்கலன்னு கேப்பா. அதுக்கு நான் என்ன சொல்ல?

அதனால ஒரு வழி யோசிச்சிருக்கேன். சரியா இருக்கான்னு பாருங்க. கடைக்குப் பின்னால கூப்பிட்டு, "ஏட்டி, பதினாலு வருச வேலைக்கு முதலாளி போனசு குடுத்தாரு. என் கையில இருந்தாச் செலவாயிரும். உங்க அண்ணன்கிட்டக் குடுத்து வை, பத்திரமா இருக்கும்." இப்படி. அவளே கொண்டுபோய்க் குடுத்துக்கிடுவா. ஆரும் ஆருகிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

என்ன அண்ணாச்சி, இம்புட்டு சிரிப்பு? எது? 'என் கையில இருந்தாச் செலவாயிரும்'ங்கதா?

அது... ஆமா. அது கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கு. காலையிலருந்து வேற ஒண்ணும் தோண மாட்டேங்கு. எனக்கு இதெல்லாம் பழக்கம் இல்ல பாருங்க. நீங்களே ஒண்ணு சொல்லுங்களேன்? பத்திரமா இருக்கட்டும்னு மட்டும் சொல்லட்டா? போனசு வேண்டாமோ?

சரி விடுங்க, வாய்க்கால் பாலம் வந்துட்டு. அடுத்த ஸ்டாப்புதான். கொஞ்சம் காலை நகத்துங்க, தையல் போட்ட பக்கம் இன்னும் வளைக்க வரல.

நம்புவாளான்னு கேக்கியளா? நம்ப மாட்டா அண்ணாச்சி. ஒரு வார்த்தை கூட நம்ப மாட்டா. "அப்படியா, நல்ல முதலாளி"ன்னு சொல்லி வாங்கிக்கிடுவா. பத்தொம்பது வருசம் என்கூடக் குடும்பம் நடத்தியிருக்கா. எதைக் கேக்கக்கூடாதுன்னு அவளுக்குத் தெரியும்.